ஒரு எல்லப்பன் நீளம்

கதவு சாத்திக்கொள்ளவில்லை.

"இன்னொரு வாட்டி மெதுவா தள்ளிப் பாருங்க சார்" என்றான் கார் புரோக்கர் பாண்டுரங்கன்.

பஞ்சாட்சரம் தள்ளிப் பார்த்தான். கதவு பாதி வழி வந்து எல்லப்பனுடைய பாதங்களில் முட்டி நின்றது. சேறு காய்ந்து வெடித்த இரண்டு பெரிய பாதங்கள். புத்தம் புதுச் சின்னக் காரின் பின்சீட்டிலிருந்து முழங்காலுக்குக் கீழே மொத்தமும் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது.

"கால மடக்குய்யா."

"மடக்கக் கூடாது" என்றாள் பஞ்சாட்சரத்தின் அம்மா ராணியம்மாள், வாசற்படியில் நின்றபடி. "எல்லப்பா, நீ நேரா படு."

"நேராத்தாம்மா கீறேன்" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "தலதான் அந்தப் பக்கம் கதவுல இடிக்குது."

"அப்ப இந்த வண்டி வாணாம்" என்று சொல்லிவிட்டு ராணியம்மாள் உள்ளே போய்விட்டாள்.

பாண்டுரங்கன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பதினைந்து வருஷமாகக் காஞ்சிபுரத்தில் கார் புரோக்கர். ஹாரன் சத்தம் பிடிக்காமல் வண்டியை வேண்டாம் என்றவர்களைப் பார்த்திருக்கிறான். நிறம் ராசியில்லை என்று விட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறான். வண்டிக்குள் ஒரு கிணறு வெட்டுகிறவரைப் படுக்கவைத்து அளந்தவர்களைப் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"சார், அம்மா எவ்ளோ உயரம் இருப்பாங்க?"

"நாலடி பத்து அங்குலம்."

"அப்புறம் ஏன் சார்?"

அது தெரிந்திருந்தால் பஞ்சாட்சரத்துக்கு அந்த வாரம் தூக்கம் வந்திருக்கும்.

அவன் உத்திரமேரூர் பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தர். கிழக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் மேற்கு என்று எழுதினால் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும் என்று தெரிந்தவன். எதையும் இரண்டு தரம் சரிபார்த்து, மூன்றாம் தரம் கவலைப்படுவான். கார் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு நோட்டுப் போட்டு, படி உயரம், கதவு அகலம், சீட்டு உயரம் என்று கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தான். அம்மாவின் மூட்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்தச் சின்னக் கார் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. ஏறுவது சுலபம், இறங்குவது அதைவிடச் சுலபம்.

அதற்காக அவன் ஒன்றரை வருஷம் காத்திருந்தான். அப்பாவின் கருமாதி முடிந்த மறுவாரமே மெட்ராசுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தவன். இப்போது கடிதம் வந்திருந்தது. உங்கள் முறை வந்துவிட்டது, திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போகும் என்று. இன்றைக்குப் புதன்.

அப்பா கன்னியப்பன் இந்த வீட்டு நிலைப்படியோடு ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவர். குனியாமல் நுழைந்து இடித்துக்கொண்டு, கட்டையை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அந்த ஐப்பசி மாதக் காலையில் திட்டாமல் உட்கார்ந்தார். அதிலிருந்தே ராணியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு வலி. எங்கிருந்தோ ஒரு வாடகைக் காரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் ஓடினார்கள். பஞ்சாட்சரம் அன்றைக்கு ஆபீஸ் வேலையாகச் செங்கல்பட்டில் இருந்தான். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அம்மா வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

வழியில் என்ன நடந்தது என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கார் கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆனதாக ஊரில் சொன்னார்கள். அந்த முக்கால் மணி நேரம் அவன் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. வீட்டு வாசலில் எந்நேரமும் ஒரு வண்டி நிற்க வேண்டும். இனி ஒரு தரம் அப்படி நடக்கக் கூடாது.

அந்த 'இனி ஒரு தரம்' ரொம்பத் தூரத்தில் இல்லை என்றும் அவனுக்குப் பயம். ராணியம்மாள் சாலவாக்கம் பஸ்சில் ஒரு தரம், கோயிலில் ஒரு தரம் மயங்கி விழுந்திருந்தாள். ஆனால் கார் என்றால் மட்டும் ஏறமாட்டாள். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரே ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள்.

"நான் பாத்து சரின்னு சொல்ற வண்டின்னா ஏறறேன்."

"நீயே பாரும்மா. கலரு, சீட்டு, எல்லாம் உன் இஷ்டம்."

"கலரு எனக்கு இன்னாத்துக்கு? எல்லப்பன வரச் சொல்லு."

எல்லப்பனை வரச் சொன்னதில் ஊராருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் கிணற்றை யாரும் அடிக்கணக்கில் சொல்வதில்லை, ஆள் கணக்கில்தான். மற்றவர்கள் இறங்கி நின்றால் ஒரு ஆள் ஐந்தரை அடி. எல்லப்பன் ஆறடியைத் தாண்டியவன். முப்பது வருஷமாக எல்லாக் கிணற்றிலும் அவனே இறங்கி நின்றதால் அளவே அவன் பெயருக்கு மாறிவிட்டது. 'எங்க கெணறு மூணு எல்லப்பன், தண்ணி அர எல்லப்பன்' என்பார்கள். பந்தல் கால், வைக்கோல் போர் எல்லாம் அந்தக் கணக்குத்தான். பெற்ற தாய் ஒரு காரையும் அப்படி அளந்தால் என்ன செய்வது? பழக்கம் என்று பஞ்சாட்சரம் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அத்தைக்கு வண்டியே வாணாங்க" என்றாள் அவன் மனைவி பவளம், சோறு போட்டுக்கொண்டே. "அதான் இப்டி ஒரு சாக்கு. நீளமா ஒரு வண்டி கொண்டாந்து நிறுத்திப் பாருங்க, அப்ப தெரியும்."

வியாழக்கிழமை பாண்டுரங்கன் ஒரு அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினான். யானை படுத்த மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே பின்சீட்டில் ஏறிப் படுத்தான். இரண்டு நாளில் அவனுக்கும் ஒரு தேர்ச்சி வந்திருந்தது. கதவு சாத்திக்கொண்டது. முழங்கால் மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"ஆச்சு!" என்றான் பாண்டுரங்கன்.

ராணியம்மாள் கதவைத் திறந்து, எல்லப்பனின் முழங்காலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். "இங்க ஒரு சாண் தூக்கிக்கினு கீது பாரு."

"ஒரு சாண்தானேம்மா" என்றான் பஞ்சாட்சரம். "காஞ்சிபுரம் எவ்ளோ தூரம்? அதுவரைக்கும் ஒரு சாண் பொறுத்துக்க முடியாதா?"

ராணியம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஓட்டிப் பாத்தா சரியாப் பூடும்மா" என்று பாண்டுரங்கன் இடையில் புகுந்தான். "திருப்புலிவனம் வரைக்கும் போயிட்டு வரலாம். ஓடற வண்டியில ஒடம்பு தானா படிஞ்சிக்கும்."

அங்கேதான் தப்பு நடந்தது. வண்டி கிளம்பியதும் எல்லப்பன் காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கி, காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். முன்சீட்டில் பஞ்சாட்சரம் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே வந்த டவுன் பஸ் ஓரம் கட்டி வழி விட்டது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து வாயில் கை வைத்தார்கள். கழனியில் நின்ற ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் செய்தி குறுக்கு வழியில் ஊருக்குள் போய்விட்டது.

எல்லப்பன் பெண்டாட்டி செங்கேணி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பின்னாலேயே பத்துப் பேர்.

"ஐயோ, கெணத்துல எறங்காத எறங்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேனே! இப்டி கால நீட்டிக்கினு வந்தியே என் ராசா!"

வண்டி நின்றது. நீட்டியிருந்த கால் உள்ளே போனது. ஜன்னலில் எல்லப்பனின் தலை வந்தது.

"இன்னாடி? சோறு ஆயிடுச்சா?"

செங்கேணி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கீழே கிடந்த வைக்கோல் பிரியை எடுத்து, ஜன்னல் வழியாகவே விளாச ஆரம்பித்தாள். "சாவறதுக்கு காரு கேக்குதா உனக்கு? காரு கேக்குதா?"

கூட்டம் சிரித்துக் கலைந்தபின், பஞ்சாட்சரம் எல்லப்பனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நாள் கூலியை நீட்டினான். எல்லப்பன் வாங்கவில்லை.

"இதுக்கு கூலி வாங்கக் கூடாது தம்பி. படுக்கறதும் ஒரு வேலையா?"

"செங்கேணி கையால அடி வாங்கினியே, அதுக்காவது வாங்கிக்க."

"அது தெனம் வாங்கறதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசில் பஞ்சாட்சரம் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். எல்லப்பன் சாகவில்லை, அது வெறும் அளவு, படுக்க வைத்து எடுத்துக்கொண்டு போனால் எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்தோம், அவ்வளவுதான். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்துவிட்டது. மத்தியானம் பெருநகரிலிருந்து ஒருவர் வந்து, பத்திரம் பதியும் வரிசையைத் தாண்டி நேராக அவன் மேசைக்கு வந்தார்.

"சார், நீங்கதானே ஆள படுக்க வெச்சு இட்டுக்கினு போற வண்டி உட்டுருக்கறது?"

"நான் வண்டியே இன்னும் வாங்கலைங்க."

"வாங்கினதும் பெருநகர் பக்கம் அனுப்புவீங்களா? எங்க மாமா ரெண்டு நாளா இழுத்துக்கினு கீறாரு. அவரும் நல்ல உசரம்."

அறைக்குள்ளிருந்து சார்பதிவாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவருக்கு மெதுவாகப் பேசும் வழக்கம். எல்லோருக்கும் பயமே அதனால்தான்.

"பஞ்சாட்சரம், சர்க்கார் உத்தியோகத்துல இருந்துக்கினு வாடகை வண்டி ஓட்டறதுன்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும். தெரியுமில்ல?"

"சார், அது எங்கம்மாவுக்கு வாங்கற வண்டி சார்."

"பிணம் ஏத்தற வண்டின்னுல்ல பேசிக்கறாங்க?"

"எங்கம்மா உயிரோட இருக்காங்க சார்!"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எழுத்து மூலமா ஒரு விளக்கம் குடுத்துடுங்க" என்றார் சார்பதிவாளர். பஞ்சாட்சரம் அந்த விளக்கத்தை நாலு முறை எழுதிக் கிழித்தான். எப்படி எழுதினாலும் இரண்டாவது வரியில் எல்லப்பன் வந்து படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அவன் ஒரு தந்திரம் செய்தான். பஸ் ஸ்டாண்டு அருகே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சாமுவேலை அழைத்துவந்தான். சாமுவேல் நல்ல மெக்கானிக். அதைவிட முக்கியம், ஐந்தடி இரண்டு அங்குலம். சின்னக் காரும் மறுபடி வந்தது. அது காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஒருவருடையது, பாண்டுரங்கன் கைகாலைப் பிடித்து இரவல் வாங்கி வந்திருந்தான்.

"ம்மா, எல்லப்பனுக்கு இன்னிக்கி கெணத்துல வேலையாம். அதனால சாமுவேல் படுப்பாரு."

ராணியம்மாள் சாமுவேலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை.

"ஏம்ப்பா, நாஷ்டா சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"அப்ப போய் உன் வேலையப் பாரு."

"ம்மா, அவரும் மனுசன்தானே?" என்றான் பஞ்சாட்சரம்.

"மனுசன்தான். எல்லப்பன் இல்ல."

அந்த நேரம் பார்த்து எல்லப்பன் வெற்றிலையை மென்றுகொண்டு தெருமுனையில் வந்தான். "வண்டி வந்துக்கீதுன்னு சொன்னாங்க. படுக்கணுமாம்மா?"

வேலை இருக்கிறது என்று புளுகியவன் மகன் என்பது ராணியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போகத் திரும்பியவள், நிலைப்படியைப் பிடித்தாள். பிடித்த கை நழுவியது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அத்த!" என்று பவளம் கத்தினாள்.

முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வாசலில் கார் நிற்கிறது. மெக்கானிக் நிற்கிறான். புரோக்கர் நிற்கிறான். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவன் ஒன்றரை வருஷம் காத்திருந்தான்.

"தூக்குங்க! கார்ல வெய்யுங்க!"

"தொடாத" என்றாள் ராணியம்மாள், கண்ணைத் திறக்காமலே. "அந்த வண்டி வாணாம்னு சொன்னேன்ல."

"ம்மா, உசிரு போற நேரத்துல இன்னாம்மா பிடிவாதம்!"

"உசிரு ஒண்ணும் போவல. தண்ணி குடு."

பத்து நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. பஞ்சாட்சரத்துக்குத்தான் திரும்பவில்லை. அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ம்மா. நாளைக்கு ஒரு நாள்தான் கீது. அப்புறம் இந்த வண்டி போச்சுன்னா போச்சு. உனக்கு இன்னாதான் வேணும், சொல்லேன்."

"எல்லப்பன் கால் நீட்டிப் படுக்கற வண்டி" என்றாள் ராணியம்மாள். "சின்னதோ பெரிசோ, எனக்கு அது போதும்."

போகச் சொல்லியும் போகாமல் நின்றிருந்தவன் சாமுவேல். அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளே தலையை விட்டான். அடியில் குனிந்து பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"சார், முன்னாடி எடது பக்கம் சீட்ட கழட்டிட்டா?"

"கழட்டிட்டு?"

"பின்சீட்டுல தல, முன்னாடி கால். நடுவுல பள்ளத்துக்கு ஒரு பலகை. அறுபது மைல் வேகத்துல போனாலும் ஆள் ஆடமாட்டாரு."

"யோவ்!" என்று பாண்டுரங்கன் காரின் மேல் கையை விரித்துப் படுத்துக்கொண்டான். "இது இரவல் வண்டிய்யா! அந்தப் பெரிய மனுசன் நாளைக்கி கோயிலுக்குப் போவணும்! சீட்டு இல்லாத வண்டியக் குடுத்தா என்ன உக்கார வெச்சே நெய்துருவாரு!"

"நாலு போல்ட்டுய்யா. மறுபடி மாட்டிக் குடுக்கறேன்."

"ஒரு போல்ட்டு தொலைஞ்சாலும்..."

"தொலஞ்சா நான் கெணத்துல வுழறேன்" என்றான் பஞ்சாட்சரம். "மூணு எல்லப்பன் ஆழம். கழட்டு சாமுவேல்."

சீட்டு இறங்கியது. பாண்டுரங்கன் நாலு போல்ட்டையும் எண்ணித் தன் சட்டைப் பையில் போட்டு, பைக்கு மேலே கையையும் வைத்துக்கொண்டான். மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு பலகை வந்தது. பவளம் அதன்மேல் சமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டாள். தெருவே வந்து நின்றது. இந்தத் தடவை செங்கேணியும் முன்னாலேயே வந்து, கையில் வைக்கோல் பிரி இல்லாமல், நல்ல இடம் பார்த்து நின்றுகொண்டாள்.

எல்லப்பன் துண்டை உதறினான். குனிந்தான். ஏறினான். படுத்தான்.

பஞ்சாட்சரம் கதவைத் தள்ளினான்.

டக்.

சாத்திக்கொண்டது.

"ஆகா!" என்று கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். ராணியம்மாள் கையை உயர்த்த, கைதட்டல் நின்றது. அவள் காருக்கு அருகில் வந்து, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

"எல்லப்பா, கால் வெரல ஆட்டு."

"ஆடுதும்மா."

"முட்டி?"

"படிஞ்சி கீது."

"கழுத்து மடங்குதா? நல்லாப் பாத்து சொல்லு."

எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை ஒரு தரம் நெகிழ்த்திப் பார்த்தான். "இல்லம்மா. எங்கியும் மடங்கல. சொகமா கீது."

ராணியம்மாள் கதவைத் திறந்தாள். மறுபடி அவளே சாத்தினாள். இன்னொரு தரம் திறந்து சாத்தினாள். பிறகு முந்தானையால் காரின் கதவைத் துடைத்தாள், அதில் தூசி ஒன்றும் இல்லை.

"இதான். இத வாங்கு" என்றாள்.

பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள் மிச்சம். அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"ம்மா, உனக்கு வாங்கற வண்டி. உன் சீட்டயே கழட்டியாச்சு. நீ எங்க உக்காருவ?"

ராணியம்மாள் பின்சீட்டில் எல்லப்பனின் தலைக்குப் பக்கத்தில், டிரைவருக்குப் பின்னால் மிஞ்சியிருந்த இடத்தைக் காட்டினாள். "தலமாட்டுல உக்காந்துக்கறேன். அது போதும் எனக்கு." பவளத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் காப்பி போடு" என்று சொல்லிவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள்.

கூட்டம் கலைந்தது. பாண்டுரங்கன் சட்டைப் பையிலிருந்து போல்ட்டுகளை எடுத்து மறுபடி எண்ணினான். எல்லப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பஞ்சாட்சரம் ஜன்னலில் கைகளை ஊன்றிக் குனிந்தான். நாலு நாள் கவலை இறங்கியதில் அவனுக்குக் கேலி பேசத் தெம்பு வந்திருந்தது.

"ஏன் எல்லப்பா, எங்கம்மா ஒசரம் நாலடி பத்து அங்குலம். அதுக்குப் போய் உன்ன இன்னாத்துக்குய்யா அளவு வெக்குது?"

எல்லப்பன் காரின் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அன்னிக்கி உங்க நைனாவ கால மடக்கி வண்டிக்குள்ளார திணிச்சது நான்தான் தம்பி. அவரு ஒசரத்துக்கு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் கீறேன்."